காலுக்குக் கண் இல்லை

பெரம்பலூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, மூணு செட் பெடல் பார்த்து வெச்சிருக்கேன். எதை வாங்கலாம்னு நீங்கதான் சொல்லணும்."

பெடல் என்றதும் எனக்குத் தையல் மிஷின்தான் ஞாபகம் வந்தது. "அம்மாவுக்கா?" என்று கேட்டுவிட்டேன். எதிர்முனையில் சிரிப்பு. பிறகு விளக்கினான். செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். சிவப்பு. இரண்டே கதவு. (அக்கா ஒரு தடவை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இறங்குவதற்குள் அழுதுவிட்டாளாம்.) அந்தக் காருக்கு ரேஸ் காரில் இருப்பது மாதிரி அலுமினிய பெடல் போட வேண்டும். துளை துளையாக, பளபளவென்று. ஒன்று ஆயிரம் ரூபாய்க்குள். இன்னொன்று நாலாயிரம். மூன்றாவது வெளிநாட்டுச் சரக்கு, பன்னிரண்டாயிரம்.

"இப்ப இருக்கிற பெடலுக்கு என்னடா?"

"ஒண்ணும் இல்ல மாமா. சும்மா ஒரு லுக்குக்கு."

லுக்! காருக்குள் குனிந்து, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டால்தான் தெரிகிற ஓர் இடத்தில் லுக்! சிரிக்காதீர்கள். யாருக்கும் தெரியாத இடத்தில் நாம் செய்துகொள்கிற அலங்காரங்கள்தான் நாம் யாராக இருக்க ஆசைப்படுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகின்றன. பையனுக்கு ரேஸ் டிரைவராக ஆசை. வேலை, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலை ஆபீஸில். தினமும் போக முப்பது, வர முப்பது கிலோமீட்டர். நடுவில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள். அவன் கார் மணிக்கு இருநூறு போகுமாம். பெரும்பாலும் நாற்பதில் ஒரு டிப்பரின் பின்னால் புழுதி குடித்துக்கொண்டு போகிறது. காலுக்கடியில் மட்டுமாவது ரேஸ் இருக்கட்டும் என்று நினைக்கிறான் போலிருக்கிறது.

நான் கொஞ்சம் தயங்கினேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமா, என் காசு, என் கார், என் கால். இதுல என்ன மாமா இருக்கு?"

இந்த வாரம் உங்களிடம் பேச நினைத்தது இந்த மூன்று 'என்'களைப் பற்றித்தான். காசு அவனுடையது, பாதி பேங்க்குடையது என்றாலும். கார் அவனுடையது, ஆர்.சி. புக்கில் பேர் இருக்கிறது. ஆனால் கால்? உங்கள் கால் உங்களுடையதுதானா? நன்றாகத் தெரியுமா?

முதலில் அந்த பெடல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு அலுமினிய பெடல் அலங்காரம் இல்லை. இரும்பைவிட எடை குறைவு. துளை போட்டால் இன்னும் குறையும். துளையின் விளிம்பு ஷூவின் அடியைக் கவ்விக்கொள்ளும். அவர்கள் போடுகிற ஷூவும் தனி ரகம். பெடலின் அழுத்தம் பாதத்துக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்பளம் மாதிரி மெல்லிய அடிப்பாகம். இதுபோக இன்னொரு வித்தை உண்டு. வளைவு வரும்போது வலது பாதத்தின் முன்பகுதியால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, அதே பாதத்தின் ஓரத்தாலோ குதிகாலாலோ ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டுவார்கள். இடது கால் கிளட்ச்சில். கியரைக் குறைக்கும்போது இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போக வேண்டும், வண்டி உதறக் கூடாது என்பதற்காக. இதற்குத்தான் ரேஸ் பெடல்கள் அகலமாக, பக்கத்துப் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அதுவும் பழைய கதை ஆகிவிட்டது. 2005-ல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினாரே, அந்த மாதிரி கார்களில் காலுக்கு இரண்டே பெடல்தான். கிளட்ச் ஸ்டியரிங்குக்குப் பின்னால், கை விரலுக்கு.

"மாப்ளே, உன் கார்ல கிளட்ச் இருக்கா?"

"இல்ல மாமா. ஆட்டோமேட்டிக்."

ஆக, அந்த வித்தைக்கு வழியே இல்லை. மூன்று பெடல் உள்ள செட்டை வாங்கினால் ஒன்றை ஷோகேஸில்தான் வைக்க வேண்டும்.

சாதாரணக் காரில் பிரேக் பெடல் கொஞ்சம் மேலே இருக்கும். ஆக்ஸிலேட்டர் கொஞ்சம் கீழே. நடுவில் ஓர் இடைவெளி. நாம் கவனிப்பதே இல்லை. ஆனால் யாரோ ஒரு இன்ஜினீயர் யோசித்து வைத்த இடைவெளி அது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, தூக்கி, பிரேக்கில் வைக்க வேண்டும். அந்தத் தூக்கல்தான் காலுக்கு 'இடம் மாறிவிட்டோம்' என்று சொல்கிறது. ஆக்ஸிலேட்டர் மேல் ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு தகட்டை மாட்டினால் அந்த வித்தியாசம் குறைகிறது. அகலமான தகடு என்றால் இடைவெளியும் குறைகிறது. பத்தாம் நம்பர் செருப்பு போடுகிறவர் ஒரே மிதியில் இரண்டையும் மிதிக்கலாம். பளபள அலுமினியத்தில் மழை நாள் ரப்பர் செருப்பு வழுக்குவது தனிக்கதை.

"அதெல்லாம் பார்த்து மிதிப்பேன் மாமா" என்றான்.

அதுதான் முடியாது. யாரும் பெடலைப் பார்த்து மிதிப்பதில்லை. கண் ரோட்டில் இருக்கிறது. காலுக்குக் கண் இல்லை.

1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார் மேல் பயங்கரப் புகார். நின்றுகொண்டிருக்கிற கார் திடீரென்று தானாகப் பாய்கிறது என்றார்கள். கராஜ் சுவரை இடித்தது, ஆளை இடித்தது. 1986-ல் பிரபலமான ஒரு டி.வி. நிகழ்ச்சியில் காட்டிவிட, கம்பெனியின் விற்பனை படுத்தேவிட்டது. ஓட்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே வாக்குமூலம்: "நான் பிரேக்கைத்தான் மிதித்தேன். மிதிக்க மிதிக்க வண்டி வேகமாகப் போனது."

அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்தது. 1989-ல் வந்த முடிவு, பெரும்பாலான கேஸ்களில் அவர்கள் மிதித்தது பிரேக்கை அல்ல, ஆக்ஸிலேட்டரை. பெடல்கள் அமைந்திருந்த விதமும் அதற்குத் துணை போயிருக்கலாம் என்றார்கள். பிரேக்கில் கால் வைத்தால்தான் ஆட்டோமேட்டிக் கார் பார்க்கிங் கியரிலிருந்து நகரும் என்ற பூட்டை ஆடி கொண்டுவந்தது அப்போதுதான். பிறகு மற்ற கம்பெனிகளுக்கும் பரவியது. பையனின் சிவப்புக் காரிலும் அது இருக்கிறது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை! சத்தியமாக, பிரேக்கை மிதித்ததாகவே நம்பினார்கள். மூளை 'பிரேக்' என்று உத்தரவு போட்டது. கால் இரண்டு அங்குலம் தள்ளிப் போய் இறங்கியது. வண்டி பாய்ந்ததும் பயத்தில் இன்னும் அழுத்தினார்கள், நிறுத்துவதற்காக. யோசித்துப் பாருங்கள். நிறுத்த வேண்டும் என்ற முழு எண்ணத்தோடு, முழு பலத்தோடு, வேகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு மனிதர். சண்டையை முடிக்கத்தான் பேசினேன் என்று சொல்லிக்கொண்டே வீட்டில் சண்டையை வளர்க்கிறோமே, கிட்டத்தட்ட அது.

இது எப்படி அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்று கேட்கிறீர்களா? எனக்கே நடந்தது.

1994. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ஐப்பசி மழை. ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு என் பழைய ஃபியட்டில் போய்க்கொண்டிருந்தேன். முந்தின வாரம்தான் பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டு பிரேக் லைனிங் மாற்றியிருந்தேன். வழியில் ஓர் ஊரில் இறங்கி டீ குடித்துவிட்டு, செருப்பில் கரிசல் சேற்றோடு அப்படியே ஏறி உட்கார்ந்தேன். இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். வண்டி பாய்ந்தது. இடது பக்கம் ஒடித்தேன். அங்கே ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் எலும்பு முறிந்தது. கூட்டம் கூடியது. நான் கத்தியது இப்போதும் காதில் கேட்கிறது: "பிரேக் பிடிக்கலைங்க! போன வாரம்தான் வேலை பார்த்தான்!" கற்பூரத்தை அணைத்து சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பேன்.

மெக்கானிக்கை வரவழைத்தார்கள். வந்தார். காருக்குள் குனிந்து பார்த்தார். பிரேக்கை நாலு தடவை அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. பெரியவருடைய வைத்தியச் செலவில் பாதியை அவரே ஏற்றுக்கொண்டார். அவர் ஏற்றுக்கொண்டதே எனக்கு அத்தாட்சி ஆகிவிட்டது. பல வருடம் கழித்து ஆடி விவகாரத்தைப் படித்தபோதுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. 'மிதிக்க மிதிக்க வண்டி வேகமாகப் போனது.' பிரேக் பிடிக்காத வண்டி நிற்காது, சரி. பாயாது!

தெரியாமல் செய்த தப்புக்கு மனிதன் பொறுப்பா? பழைய கேள்வி. 'அறியாமல் செய்த பிழை பொறுக்க' என்று கோயிலில் வேண்டிக்கொள்கிறோம், கடவுளும் பொறுத்துவிடுவார் என்றே நினைக்கிறேன். அந்த அரை நொடியில் எனக்கு எந்தச் சுதந்திரமும் இல்லை. மணிக்கு எண்பதில் போகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். அரை நொடியில் 11 மீட்டர். பதினோரு மீட்டருக்குள் யாரும் தர்ம நியாயம் யோசிப்பதில்லை, கால் என்ன செய்கிறதோ அதுதான். ஆனால் அதற்கு முன்னால்? செருப்புச் சேற்றை ஒரு கல்லில் தேய்த்துவிட்டு ஏற எனக்கு நேரம் இருந்தது. அதற்குப் பின்னால்? 'ஒருவேளை என் கால் தவறியிருக்குமோ' என்று சந்தேகப்பட எனக்கு ஒரு நாள் முழுக்க இருந்தது. அதற்கப்புறம் வருடக்கணக்கில் இருந்தது. விபத்து நடந்த நொடிக்கு நான் பொறுப்பில்லை என்று வாதாடிவிடலாம். முன்னையும் பின்னையும் யார் தலையில் கட்டுவது?

அரியலூரில் இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 23. விடாத மழை. விடிவதற்கு முன் சென்னையிலிருந்து தூத்துக்குடி போய்க்கொண்டிருந்த எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளத்தில் பாலம் உடைந்து, இன்ஜினும் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். டெல்லியில் ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. பாலம் அவர் கட்டியதல்ல. மழை அவர் பெய்வித்ததல்ல. ராஜினாமா செய்தார். அதே வருடம் மகபூப்நகர் ரயில் விபத்து நடந்தபோதே அவர் ராஜினாமா கடிதம் கொடுத்து, நேரு ஏற்கவில்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டார். (பின்னால் 2007-ல் அரியலூர் தனி மாவட்டமாக ஆனதும் ஒரு நவம்பர் 23-ம் தேதிதான். காலண்டருக்கு இப்படியும் ஒரு ஞாபக சக்தி.)

ஆயிரம் மைலுக்கு அப்பால் நடந்ததற்கு 'நான்தான்' என்றார் ஒருவர். என் சொந்தக் கால், என் செருப்புச் சேறு, 'அவன்தான்' என்றேன் நான். அதுவும் அதே அரியலூர் வட்டாரத்தில்.

போனில் இதையெல்லாம் சொல்ல முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து பெரம்பலூர் போய் இறங்கிவிட்டேன். பையன் சிவப்புக் காரோடு வந்தான். "வாங்க மாமா, ஒரு ரவுண்டு போலாம்." அரியலூர் ரோட்டில் விட்டான். பிரமாதமான வண்டிதான். ஒத்துக்கொள்கிறேன், ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் முதுகு சீட்டில் ஒட்டியபோது எனக்கும் இருபது வயது ஆனது. வேகத்துக்கு ஆசைப்படுவது பாவம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

வழியில் டீக்கடை. டிப்பர்கள் வரிசையாக நின்றன. இந்த ஊர்கள் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தவை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் இங்கே வாழ்ந்த சங்குகளும் சிப்பிகளும் அடியில் படிந்துதான் இந்தச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பகுதி. சாத்தனூரில் சுமார் பன்னிரண்டு கோடி வருட மரம் ஒன்று கல்லாகிப் படுத்திருக்கிறது, 18 மீட்டர் நீளத்துக்கு. அத்தனை கோடி வருடம் நிதானமாகச் சேர்ந்த கல்லைக் கொண்டுபோய்க் கொட்ட எத்தனை அவசரம் பாருங்கள். ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "நடைக் கணக்கு சார். எத்தனை நடை அடிக்கிறோமோ அத்தனை காசு. மெதுவா போனா ஒரு நடை போச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆக்ஸிலேட்டர் மேல் இருப்பது அவர் கால். அதை அழுத்துகிற பாரத்தில் வேறு யார் யாருடையதோ சேர்ந்திருக்கிறது. கணக்கு போட்டவர், அவசரமாக மூட்டை கேட்டவர், வீடு கட்டுகிற நீங்களும் நானும்.

பையன் அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் எலுமிச்சை, மிளகாய், சிவப்பு ரிப்பன், கண்ணாடியைச் சுற்றிக் குஞ்சம். சாயம் அடிக்காத இடமே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தான். பெடலில் மட்டும் எந்த அலங்காரமும் இல்லை. தேய்ந்த ரப்பர். அதை அவனே கவனித்தான்; நான் காட்டவில்லை.

"பன்னிரண்டாயிரம் கொடுத்து நல்ல கம்பெனி பெடல் வாங்கினா பிரச்னை இல்லைல்ல மாமா?" என்றான், கடைசி முயற்சியாக.

நல்ல கம்பெனியா? 2024 ஏப்ரலில் டெஸ்லா தன்னுடைய சைபர்ட்ரக் வண்டிகள் 3,878-ஐத் திரும்ப அழைத்தது. காரணம், ஆக்ஸிலேட்டர் பெடல் மேல் மாட்டியிருந்த மூடி நழுவி, மேலே இருந்த அட்டையில் மாட்டிக்கொண்டு பெடலை அழுத்தியபடியே நிறுத்திவிடலாம். மூடி ஏன் நழுவுகிறது? தொழிற்சாலையில் சுலபமாக மாட்டுவதற்காக சோப்பைத் தடவியிருக்கிறார்கள்! ரிவெட் அடித்துச் சரி செய்தார்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான்டியாகோ பக்கம் நடந்தது இன்னும் மோசம். இரவல் கொடுத்த ஒரு லெக்ஸஸ் காரில் வேறு மாடலுக்கான கால்மிதி போட்டிருந்தார்கள். ஆக்ஸிலேட்டர் அதில் சிக்கிக்கொண்டது. காரில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். ஓட்டியவர் நெடுஞ்சாலைப் போலீஸ்காரர், அனுபவம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. அதன் பிறகு லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து, ஆக்ஸிலேட்டர் பெடலின் நுனியை வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு கால்மிதி, ஐயா. வெறும் ரப்பர் கால்மிதி.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். ஆனால் பெடல் மேல் தகடு இருக்கிறதா என்று எந்த இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் என்ன செய்கிறோம் என்பதுதானே கேள்வியே.

போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கவ்விப் பிடிக்கிற ரகம், ஒட்டுகிற ரகம், இரண்டும் வேண்டாம், அவைதான் நழுவும். அந்தக் காருக்கென்றே செய்ததாக, போல்ட் போட்டு முடுக்குவதாக இருக்கட்டும். பரப்பில் ரப்பர் குமிழ்கள் இருக்கட்டும். மாட்டியபின், நீங்கள் தினமும் போடுகிற செருப்பை நனைத்துக்கொண்டு உட்கார்ந்து, இன்ஜினைப் போடாமல் நூறு தடவை கால் மாற்றிப் பாருங்கள். ஒரு தடவை உரசினாலும் கழற்றிவிடுங்கள். கால்மிதி மேல் இன்னொரு கால்மிதி போடாதீர்கள்.

திரும்பும்போது பையனிடம், "அந்தப் பழைய மெக்கானிக் ஷெட் இன்னும் இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. மகன் நடத்துகிறார். வாசலில் பிளாஸ்டிக் சேரில் அவர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னை அடையாளம் தெரியவில்லை. ஃபியட் என்றதும் தெரிந்துவிட்டது.

முப்பது வருடம் கழித்து எப்படி ஆரம்பிப்பது? "அன்னைக்கு பிரேக் நல்லாத்தாங்க இருந்திருக்கு. என் கால்தான் மாறிப்போச்சு" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "பிரேக்கு பெடல் சுத்தமா இருந்துச்சு. சேறு பூரா ஆக்ஸிலேட்டர்லதான் அப்பியிருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க நம்பியிருப்பீங்களா? நீங்க பொய் சொல்லலைன்னு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது. அந்தப் பெரியவருக்கோ கட்டுப் போடணும். நாம நின்னு யாரு தப்புன்னு பேசிக்கிட்டிருந்தா?" என்றவர், உள்ளே பார்த்து மகனிடம் டீ சொல்லச் சொன்னார்.

அவர் கொடுத்த பாதிப் பணத்தை எடுத்துப் போயிருந்தேன், கொஞ்சம் கூடுதலாகவே. வாங்கவில்லை. பெரியவர் போன பிறகும் அவர் பேரன் இந்த ஷெட்டில்தான் தொழில் கற்றுக்கொண்டானாம். இப்போது துறையூரில் தனி ஷெட் வைத்திருக்கிறானாம். "அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க சார். பணம் வேணாம். விஷயத்தை" என்றார்.

இன்னும் போகவில்லை. பையன் சிவப்புக் காரில் கூட்டிப்போகிறேன் என்கிறான். பெடல்? பழைய ரப்பர் ஓரம் தேய்ந்திருக்கிறது என்று அந்த மகன் காட்டினார். கம்பெனி ரப்பர் வாங்கி மாட்டிக்கொண்டான். மீதிப் பணத்தில் ஸ்டியரிங்குக்குச் சிவப்பு நூல் தைத்த கவர்.